கரையில் முதல் காட்சி, அப்புறம் சென்னை: ராமநாதபுரம் கடலோரத்தில் மக்களோடு சேர்ந்து கலை செய்ய வருகிறவர்களுக்கு

சென்னையிலோ கும்பகோணத்திலோ நுண்கலை படித்துவிட்டு எங்கள் கடலோரத்துக்கு வரும் தம்பி தங்கைகள், வந்த மறுநாளே கேட்பார்கள்: "அண்ணே, இங்கே எந்தச் சுவரில் வரையலாம்?" சுவர் கடைசியில் வரட்டும். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் என்று வந்து, அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை போகிற இந்தக் கரையில் மக்களோடு சேர்ந்து ஒரு வேலை செய்து, அதைச் சென்னையில் கண்காட்சியாக வைக்க ஏறக்குறைய ஒரு வருடம் வேண்டும். அந்த வருடத்தை எப்படிச் செலவழிப்பது என்று, நான் செய்து பார்த்ததையும் தப்பாகச் செய்ததையும் வைத்து எழுதுகிறேன்.

எப்போது வருவது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆட்கள் சும்மாதானே இருப்பார்கள், அப்போது போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பலகை மாற்றுவது, எஞ்சின் பிரிப்பது, வண்ணம் அடிப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். வருமானம் நின்று கடன் ஏறும் காலமும் அதுதான். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை கிடையாது. அவர்கள் வழக்கம்போலக் கடலுக்குப் போவார்கள். படகு, மரம், வண்ணம் சம்பந்தப்பட்ட வேலை மனதில் இருந்தால் தடைக்காலத்தில் வாருங்கள். படகில் பெயர் எழுதும் ஓவியர் ஒருவரைப் பிடித்து, ஒரு வாரம் அவருக்குப் பெயின்ட் டப்பா தூக்குங்கள். உப்புக்காற்றில் எது நிற்கும், எது உரியும் என்பதை அவரைவிட நன்றாகச் சொல்லித்தர யாராலும் முடியாது.

மற்றபடி முதல் வருகைக்கு நான் சொல்வது தை மாதம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. வாடைக்காற்றில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம் கலங்கிக் கிடக்கும். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். தை பிறந்தால் இரண்டு பக்கமும் பேச ஆள் கிடைக்கும்.

வாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போக மாட்டார்கள், ஆனால் காலையில் கோயிலுக்குப் போய்விடுவார்கள்; மாலையில்தான் பேச முடியும். முஸ்லிம் ஊர்களில் வெள்ளி மதியத் தொழுகை முடிந்த பிறகு போங்கள். கடல்பாசி எடுக்கும் பெண்களோடு வேலை என்றால் அமாவாசையையும் பௌர்ணமியையும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களை ஒட்டி நீர் வற்றும், அவர்கள் கடலில் இருப்பார்கள். அப்போது பயிற்சி வைத்தால் ஒரு நாள் சோற்றைக் கெடுத்த பாவம் உங்களுக்கு.

யாரைப் போய்ப் பார்ப்பது

ஒவ்வொரு ஊரிலும் வாசல் வேறு. ஓர் ஊரில் ஊர்த்தலைவர், ஓர் ஊரில் பங்குத்தந்தை, ஓர் ஊரில் ஜமாஅத். இவர்களைப் பார்க்காமல் வேலை தொடங்கினால் மூன்றாம் நாள் கேள்வி வரும். ஆனால் இவர்கள் அனுமதி கொடுத்தாலே ஊர் சம்மதித்ததாக ஆகிவிடாது. வலை பின்னும் கூடம், மீன் ஏலக்கூடம், நாட்டுப்படகு மீனவர் சங்கம், மகளிர் சுய உதவிக்குழு என்று ஒவ்வோர் இடத்திலும் உட்கார்ந்து, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வயதான பெண்களை ஆத்தா என்று கூப்பிட்டால் போதும். கீழக்கரைப் பக்கம் போனால் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும் கூப்பிடுவது பழக்கம். அங்கே போய் அங்கிள், ஆன்ட்டி என்றால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

பாம்பனில் 'கடல் ஓசை' என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலி இருக்கிறது, 90.4 பண்பலையில். உங்கள் திட்டத்தை ஐந்து நிமிடம் அதில் பேச வாய்ப்புக் கேளுங்கள். நோட்டீஸ் படிக்காதவர்களுக்கும் போய்ச் சேரும்.

முதல் மாதம்

முதல் மாதம் தூரிகையும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். நோட்டு ஒன்று போதும். காலையில் ஏலக்கூடம், மதியம் வலைக்கூடம், சாயங்காலம் டீக்கடை. மீன்பாடு எப்படி என்று விசாரிக்கவும், பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோன ஆட்கள், திரும்பி வராத படகுகள் என்று எத்தனையோ வீடுகளில் துக்கம் இருக்கிறது. வந்தவுடனே அதைத் தோண்டாதீர்கள். அவர்களாகச் சொல்லும்போது கேட்டால் போதும்.

படகில் என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கவே கூடாது. இது எல்லைக் கடல். விசைப்படகு மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்கித்தான் போகிறது, போகிறவர்களிடம் மீனவர் அடையாள அட்டை இருக்கும். நீங்கள் ஏறினால் வம்பு படகுக்காரருக்கு. அனுமதி இல்லாமல் டிரோன் பறக்க விடுவதும் அப்படியே.

தனுஷ்கோடிக்கு எல்லோரும் போவார்கள், நீங்களும் போவீர்கள். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தை வரையாத ஓவியர் இல்லை. சரி, வரைந்துகொள்ளுங்கள். அதன் பக்கத்தில் இன்றும் குடிசை போட்டு மீன்பிடித்து வாழும் குடும்பங்களோடு அரைநாள் இருந்துவிட்டு வாருங்கள். ராமநாதபுரத்தில் ஒரு முழு நாள் ராமலிங்க விலாசத்துக்கு ஒதுக்குங்கள். சேதுபதி மன்னரின் அரண்மனை அது. 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சுவரோவியங்கள் சுவர், தூண், விதானம் என்று நிறைந்திருக்கின்றன. ராமாயணம், அரசவை, தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியரோடு மன்னரின் சந்திப்பு என்று ஒரே கட்டடத்துக்குள் ஒரு நாட்டின் கதையே இருக்கிறது. கடற்கரையில் கதை சொல்லும் ஓவியம் புதிதாக நீங்கள் கொண்டுவரும் சரக்கு கிடையாது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தப் பணிவு தானாக வரும்.

மணலில் ஆரம்பியுங்கள்

"எங்களுக்கு வரைய வராது தம்பி." இந்தப் பதில் கட்டாயம் வரும். தினமும் வாசலில் கோலம் போடுகிற கை, பெருநாளைக்கு மருதாணி வைக்கிற கை, மிதவையும் ஈயமும் கோத்து வலை முடிகிற கை இதைச் சொல்லும். சார்ட் பேப்பரையும் ஸ்கெட்ச் பேனாவையும் நீட்டினால் பள்ளிக்கூடத்து ஞாபகம் வந்து கூசுவார்கள். நான் அதைத்தான் செய்தேன், இரண்டு நாள் வீணானது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நீர் இறங்கிய ஈர மணலில் உட்கார்ந்து, "பாறை எங்கே இருக்குன்னு சும்மா கோடு போட்டுக் காட்டுங்க ஆத்தா" என்று கேட்டேன். ஓர் அம்மா விரலால் ஒரு வளைவு போட்டார். பக்கத்தில் இருந்தவர், "அது அங்கயா இருக்கு?" என்று அழித்துவிட்டு வேறு வளைவு போட்டார். அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் பதினைந்து அடி நீளத்துக்குக் கடலின் அடித்தளம் மணலில் வந்துவிட்டது. எந்தப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி, எங்கே கட்டக்கோரைப் பாசி, எங்கே கஞ்சிப்பாசி, நீரோட்டம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த இடத்தில் யார் காலைப் பாறை கிழித்தது, எல்லாம் அதில் இருந்தது. நிலத்தில் தங்கள் பெயரில் ஒரு சென்ட் இல்லாத பெண்கள், தண்ணீருக்கு அடியில் இருக்கிற நிலத்தை ஓர் அடி விடாமல் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் விரல்களைப் பாருங்கள். பாறை அறுக்காமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணிக்கிழிசல் சுற்றிக் கட்டியிருப்பார்கள். பழைய சேலை, பிள்ளையின் பள்ளிச் சீருடை, எது கிடைக்கிறதோ அது. மாலையில் அந்தத் துணியை அவிழ்க்கும்போது விரல் நுனி வெளுத்துச் சுருங்கி, பழைய கீறல் மேல் புதுக் கீறலாக இருக்கும்.

மணலில் வந்ததை எப்படித் துணிக்கு மாற்றுவது என்றால், கரையில் நிற்கும் படகு மேல் ஏறி நின்று, கேட்டுக்கொண்டு, மேலிருந்து ஒரு படம் எடுங்கள். அலை அழித்துவிடும், அழிக்கட்டும். மறுநாள் காடாத் துணியைச் சமுதாயக் கூடத்துத் தரையில் விரித்து, கட்டம் போட்டு, கரிக்கட்டையால் அவர்களையே மாற்றச் சொல்லுங்கள். உங்கள் கை கோட்டைத் 'திருத்த' நீளும். பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். துணியை முன்கூட்டியே நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்திருக்க வேண்டும். கடல்காற்றில் கிடந்த துணியில் உப்பு ஏறியிருக்கும். ஈரத்தை இழுத்து வண்ணம் நிற்காது. அந்த நல்ல தண்ணீரை நீங்கள் காசு கொடுத்து வாங்குங்கள். குடத்துக்கு விலை கொடுத்துக் குடிக்கிற ஊரில் பொதுக்குழாயில் பிரஷ் கழுவக் கூடாது.

இதே முறையை மற்ற கைவேலைகளுக்கும் மாற்றிக்கொள்ளலாம். கழித்துப் போட்ட வலை, கயிறு, மிதவை நிறையக் கிடைக்கும். வலைக்கூடத்துப் பெரியவர்கள் கண்ணி போடச் சொல்லித்தருவார்கள். சாயல்குடிப் பக்கம் பனையோலையில் பெட்டி முடைகிறவர்கள் இருக்கிறார்கள். எதை எடுத்தாலும், அவர்களுக்குத் தெரிந்த வேலையிலிருந்து உங்கள் வேலை முளைக்கட்டும்.

கையில் எடுக்கக் கூடாதவை

கரையில் நடந்தால் பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி, விதவிதமான சங்கு, சில நேரம் காய்ந்த கடல்குதிரைகூடக் காலில் தட்டும். சிலை செய்யலாம், ஒட்டலாம் என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பவளம், கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை, சங்கு சிப்பிகளில் பல வகை, எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்து ஒதுங்கியதுதானே என்ற வாதம் செல்லாது. கடையில் விற்கிறார்களே என்பதும் செல்லாது.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. இதில் புதியவர்கள் யோசிக்காத ஒன்று உண்டு. பாசி எடுக்கும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இந்தத் தீவுகளை வைத்துத்தான் பல வருட இழுபறி. பின்னால் தீவு தெரிய ஒரு பெண்ணின் முகத்தை நீங்கள் படமெடுத்துச் சென்னையில் மாட்டினால், அந்தப் படம் அவர்மேல் வழக்குப் போட ஆதாரமாகிவிடலாம். எந்தப் படத்தையும் வெளியே கொண்டுபோகும் முன் படத்தில் இருப்பவரிடம் காட்டி, பின்னணியையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது சுவர்

தை முதல் பங்குனி வரை. மழைக்காலத்தில் ஊறிய சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். உவர் பூத்த, அதாவது உப்பு வெள்ளையாகப் படிந்த சுவரில் நேராகப் பெயின்ட் அடித்தால் அடுத்த வருடம் தோலாக உரியும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு வாரம் விட்டு, மறுபடி உவர் பூக்கிறதா பாருங்கள். பூத்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். பூக்காவிட்டால் பிரைமர், அதன்மேல் வெளிச்சுவர் எமல்ஷன். தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்குப் படம் வேண்டாம், ஈரம் அங்கேதான் ஏறும்.

காசும் காகிதமும்

இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டும். என் முதல் சென்னைக் கண்காட்சியில் துணி ஓவியத்துக்குப் பக்கத்தில் என் பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே 'பாம்பன் மீனவப் பெண்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கண்காட்சியைப் பார்க்க ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஓர் அக்கா அந்த அட்டையைப் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஒன் பேரு இருக்கு தம்பி, எங்க பேரு எங்க?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அன்று ராத்திரியே அட்டையை மாற்றினேன், பதினொரு பெயர்களோடு. ஆனாலும் அந்த முதல் நாள் வந்தவர்கள் படித்தது பழைய அட்டையைத்தான்.

அதிலிருந்து வேலை தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்கிறேன். யார் யார் பெயர், எந்த எழுத்தில் (வீட்டில் கூப்பிடும் பெயரா, ரேஷன் கார்டுப் பெயரா என்பதுகூட அவர்கள் விருப்பம்), பயிற்சி நாளுக்குக் கூலி எவ்வளவு, விற்றால் யாருக்கு எவ்வளவு, விற்காவிட்டால் துணி யாருக்கு, படங்களை எங்கே பயன்படுத்தலாம், வேண்டாம் என்று பிறகு தோன்றினால் எப்படி விலகலாம். சங்கக் கூட்டத்தில் சத்தமாகப் படித்து, இரண்டு பிரதி. கூலி, அன்றைக்குப் பாசியிலோ மீனிலோ கிடைத்திருக்கும் வருமானத்துக்குக் குறையக் கூடாது. டீயும் பன்னும் கொடுத்துவிட்டு 'பங்கேற்பு' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

இந்தக் கூலியைச் சேர்த்துத்தான் நிதிக்கு எழுத வேண்டும். பெங்களூருவில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1990-களிலிருந்து கலைஞர்களுக்கு நிதி கொடுத்து வருகிறது. தமிழிலேயே எழுதி அனுப்பலாம். மாநில அரசில் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழுவிடம் விசாரியுங்கள். நிதி வரும்வரை ஊர்க்காரர்களிடம் எதையும் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள்.

முதல் காட்சி கரையில்

சென்னைக்குப் போகும் முன் வேலை முழுவதும் ஊரில் ஒரு நாளாவது விரிய வேண்டும். வலைக்கூடத்தின் தூண்களில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் போதும். ஒரு டியூப்லைட், ஒரு மைக். பிள்ளைகள் முதலில் வருவார்கள், பிறகு கடலுக்குப் போகாத நாளாக இருந்தால் ஆண்களும் வருவார்கள். எங்கள் காட்சியில் ஒரு பெரியவர் கரித்துண்டு கேட்டு வாங்கி, துணியின் தெற்கு மூலையில் ஒரு பாறையைச் சேர்த்தார். அது இன்றும் அப்படியே இருக்கிறது. கரையில் தப்பு என்று சொன்ன எதையும் திருத்தாமல் சென்னைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சென்னை

இடம் பார்ப்பதை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் வாடகைக்குக் கூடம் தரும். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் உருவாக்கிய சோழமண்டலம் இருக்கிறது, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. ஒளிப்பட வேலை என்றால் 2016-இல் தொடங்கிய சென்னை போட்டோ பியன்னாலே அழைப்பு விடும்போது கவனியுங்கள். எங்கள் கரையில் பாசி எடுக்கும் பெண்களைப் படம்பிடித்த எம். பழனிக்குமார், கேமராவைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து எடுக்கச் சொல்லும் வேலையும் செய்கிறார்; அவர் படங்களைத் தேடிப் பாருங்கள். தனியார் கேலரி என்றால் விற்பனையில் அவர்கள் எடுக்கும் கழிவு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

என் விருப்பம் வேறு. நகரத்தில் ஒரு வாரம் கூடத்தில் வைத்தால், இரண்டு நாளாவது அங்கே மீனவர்கள் வாழும் காசிமேட்டிலோ நொச்சிக்குப்பத்திலோ விரியுங்கள். 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நடந்த விழா கர்நாடக இசையையும் பரதத்தையும் மீனவர் குப்பத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த வழி திறந்துதான் இருக்கிறது. பாம்பன் பெண் போட்ட கோட்டைக் காசிமேட்டுப் பெண் பார்த்து, "எங்க கடல்ல இப்படி இல்ல" என்று ஆரம்பிக்கிற பேச்சுக்கு ஈடாக எந்தத் திறப்புவிழா உரையும் எனக்குத் தோன்றியதில்லை.

மூட்டை கட்டுவது பற்றி. துணியை மடிக்காதீர்கள், பிவிசி குழாயில், வண்ணம் வெளிப்பக்கமாக வரும்படி சுருட்டி, மேலே பழைய வேட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக். இரும்பு ஆணி, இரும்புச் சட்டம் எல்லாம் கடலோரத்திலேயே துரு பிடித்திருக்கும். கறை துணியில் இறங்கும், மூங்கில்தான் நல்லது. வலையைக் கொண்டுபோவதாக இருந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் ஒரு வாரம் காயப்போடுங்கள். ஏசி கூடத்தில் மூன்றாம் நாள் கவிச்சி கிளம்பினால் கூடத்துக்காரர்கள் இறக்கச் சொல்வார்கள்.

மாட்டும்போது ஊரிலிருந்து ஒருவராவது கூட இருக்க வேண்டும். ஒருமுறை கூடத்து ஆட்கள் வலையைத் தலைகீழாகக் கட்டிவிட்டார்கள், ஈயக்குண்டு மேலே, மிதவை கீழே. நானும் கவனிக்கவில்லை. தங்கச்சிமடத்திலிருந்து வந்திருந்த அண்ணன் உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறி, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார். வலை தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி நின்றது.

வருகிறவர்களுக்கு ரயில் டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி எல்லாம் திட்டச் செலவில். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்தான் திறக்கும், அன்று காலையிலேயே போட்டுவிடுங்கள். ராமேஸ்வரம் ரயில்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். திறப்பு நாளில் அவர்களை மேடை ஓரத்தில் நிற்க வைக்காமல், தங்கள் துணிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கேள்வி கேட்பவர்களை அவர்களிடமே அனுப்புங்கள்.

கண்காட்சி முடிந்து ஊர் திரும்பிய பதினைந்து நாளுக்குள் கணக்கை வலைக்கூடத்தில் வாசித்துவிடுங்கள், ஆட்டோ காசு வரைக்கும். வாங்கிய வலையைத் திருப்பிக் கொடுங்கள். விற்காத துணிகள் சங்கத்துக்கு. ஐப்பசி மழைக்கு முன் அவற்றை இறக்கி, வேப்பிலை போட்டுச் சுருட்டி, தரையில் படாத உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். சாவி பெண்களிடம் இருக்கட்டும்.